பால்வாடி வாசலில் ஒரு பலகை

கொஞ்சம் நீளமான பதிவு. காலைக் காப்பி ஆறுவதற்குள் முடியாது. பாதியில் விட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வராதீர்கள். முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள், சண்டை போடலாம்.

எங்கள் தெருக்கோடியில் அங்கன்வாடி மையம் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் அது இன்னும் பால்வாடிதான், நானும் அப்படியே எழுதுகிறேன். போன மாதம் அதன் வெளிச்சுவரில் ஒரு ஃபிளெக்ஸ் ஏறியது. வார்டில் செல்வாக்குள்ள ஒருவர் தன் செலவில் அடித்துக் கொடுத்தது. பாதி இடத்தில் அவர் கைகூப்பி நிற்கிறார். மீதிப் பாதியில் 'பெற்றோர் கவனத்திற்கு' என்று 14 விதிகள். எண்ணிப் பார்த்தேன், 14-ம் 'கூடாது' என்றே முடிகின்றன. தாமதமாக வரக் கூடாது. உள்ளே நுழையக் கூடாது. உரத்த குரலில் பேசக் கூடாது. பணியாளரிடம் வாக்குவாதம் செய்யக் கூடாது. இப்படியே போகிறது.

நான் 33 வருடம் அரசுப் பள்ளியில் இருந்தவள், அதில் 12 வருடம் தலைமை ஆசிரியை. 'கூடாது' என்ற சொல்லை என்னைவிட அதிகம் பயன்படுத்தியவர் இந்தத் தெருவில் யாரும் இருக்க முடியாது. அந்த அனுபவத்தில்தான் அந்தப் பலகை வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னேன். "டீச்சரே கட்டுப்பாடு வேண்டாங்கிறாங்களே" என்று சிரித்தார்கள். கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்ன சொன்னேன் என்பதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஃபிளெக்ஸ் வந்த கதை.

இரண்டு மாதம் முன்பு ஒரு மத்தியானம், மூன்று மணி இருக்கும். ஒரு பெண் குழந்தையை அழைத்துப் போக அதன் அப்பா வண்டியில் வந்தார். நன்றாகக் குடித்திருந்தார். வண்டியை ஸ்டாண்ட் போடவே மூன்று தரம் முயன்றாராம். குழந்தைக்கு நாலு வயது. பால்வாடி டீச்சர், "அம்மா வரட்டும் சார், அவங்ககிட்ட அனுப்புறேன்" என்றிருக்கிறார். அவ்வளவுதான். இங்கே எழுத முடியாத வார்த்தைகள் எல்லாம் வந்து விழுந்தன. தண்ணீர்க் குடத்தை எட்டி உதைத்தார். ஆயாம்மா குழந்தையை உள்ளே தூக்கிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அம்மா தையல் கம்பெனியில் இருந்து ஐந்தரை மணிக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் தெரு இரண்டாகப் பிரிந்து பேசியது. "அந்த நிலைமையில வண்டியில ஏத்தி அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று ஒரு பக்கம். "பெத்த அப்பன்கிட்ட பிள்ளையக் குடுக்க மாட்டேன்னு சொல்ல இவ யாரு?" என்று இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கத்தில் படித்தவர்களும் இருந்தார்கள் என்பதை எழுதத்தான் வேண்டும்.

அன்று சாயங்காலம் டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். 11 வருடமாக இந்த மையத்தில் இருப்பவர். "டீச்சர், நான் வேற ஊருக்கு மாறுதல் எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். நிதானமாகச் சொன்னதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

அவர் போனால் என்ன ஆகும் என்று அரசு வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். பணியிடம் காலியாகவே கிடக்கும். பக்கத்து ஊர்ப் பணியாளருக்குக் 'கூடுதல் பொறுப்பு' என்று ஒரு தாள் வரும். அவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து பதிவேடுகளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் சமையல், பிள்ளைகள், சத்துமாவு விநியோகம் எல்லாம் ஆயாம்மா ஒருத்தர் தலையில். 22 பிள்ளைகளின் எடை, யாருக்கு இளைப்பு, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த ஒருவரை இழந்துவிட்டு நாம் ஃபிளெக்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

"அவங்க சும்மா உக்காந்திருக்கிறவங்கதானே" என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுவதும் 33 இடங்களில் சோதனையாகத் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள். சோறும் முட்டையும் மட்டும் அல்ல அவர்கள் வேலை. எடை பார்க்க வேண்டும், உயரம் பார்க்க வேண்டும், தடுப்பூசிக்கு அழைத்து வர வேண்டும், கர்ப்பிணி வீட்டுக்குப் போக வேண்டும், பாட்டும் கதையும் சொல்லித்தர வேண்டும். அத்தனையையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அவர்களுக்குத்தான். இவ்வளவும் செய்பவர்களைக் காகிதத்தில் கௌரவப் பணியாளர் என்றே வைத்திருக்கிறோம். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. அரசாங்கமே அரைகுறையாக மதிக்கும் ஒருவரைத் தெருவில் ஒருவர் எப்படிப் பேசுவார் என்று சொல்லவா வேண்டும்.

ஆகவே, வருகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஃபிளெக்ஸ் அதைச் செய்யாது என்பதுதான் என் வாதம். ஏனென்றால் அப்படி ஒரு பலகையை நானே வைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில். நான் தலைமை ஆசிரியை ஆன முதல் வருடம். பெற்றோர் நேரம் காலம் இல்லாமல் வகுப்பு வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று ஆசிரியர்கள் குறைப்பட்டார்கள். 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று கறுப்புப் பெயிண்டில் எழுதி கேட்டில் மாட்டினேன். போதாததற்கு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை முறை போட்டு வாசலில் நிறுத்தினேன். ஒழுங்கு வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார்.

ஒரு நாள் காலை ஒரு அம்மா வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பையன் சொன்னான், "போர்டுல போட்டிருக்கு, உள்ள விடக் கூடாது." அவர் கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு நடவுக்குப் போய்விட்டார். அன்று மத்தியானம் மூன்றாம் வகுப்பில் அவருடைய மகனுக்கு வலிப்பு வந்தது. முதல் நாள் ராத்திரியே ஒரு தடவை வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் அவர் வந்தார். வகுப்பு ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது. கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள், வாயில் தண்ணீர் ஊற்றப் பார்த்தார்கள். இரண்டும் செய்யக் கூடாதவை என்று இப்போது தெரிகிறது. பையன் பிழைத்துக்கொண்டான். சாயங்காலம் அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "சொல்ல வந்தேன் டீச்சர், உள்ள விடல" என்றார். அவ்வளவுதான்.

பலகையை மறுநாளே கழற்றினேன். ஆனால் அதை மாட்டிய நான்தானே நான்.

கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லவில்லை. கூட்டத்தில் கதை சொன்னால் யார் கேட்கிறார்கள். தாமதத்தைப் பற்றிய விதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஃபிளெக்ஸில் முதல் விதி அதுதான். ஒருவர் ஒரு படி மேலே போய், "லேட்டா வந்தா 20 ரூபாய் அபராதம்னு போடுவோம், தானா திருந்துவாங்க" என்றார். கை தட்டல்கூட விழுந்தது.

இதை உண்மையிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் 10 குழந்தைகள் காப்பகங்களில் யூரி நீசி, ஆல்டோ ரஸ்டிசினி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஆய்வு, 2000-ல் வெளிவந்தது. 6 காப்பகங்களில், 10 நிமிடத்துக்கு மேல் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். என்ன ஆனது தெரியுமா? தாமதம் கூடியது. ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவரை 'பாவம், டீச்சர் காத்திருப்பாங்களே' என்று கூச்சப்பட்டு ஓடிவந்தவர்கள், இப்போது காசு கொடுத்தாயிற்றே என்று நிதானமாக வந்தார்கள். பிறகு அபராதத்தை எடுத்துவிட்டார்கள். அப்போதும் தாமதம் குறையவில்லை. போன கூச்சம் போனதுதான்.

இதைச் சொன்னபோது பலரும் 'வெளிநாட்டுக் கதை' என்ற முகத்தோடு இருந்தார்கள். கடைசி வரிசையில் பூ விற்கும் அக்கா ஒருத்தர், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அதெல்லாம் எதுக்கு டீச்சர். இருபது ரூபான்னா கடைக்காரம்மா தைரியமா லேட்டா வரும். சித்தாள் வேலைக்குப் போறவ பயந்துக்கிட்டு பிள்ளைய அனுப்பவே மாட்டா." இரண்டு பேராசிரியர்கள் 20 வாரம் எண்ணிப் பார்த்துக் கண்டதற்கு மேலும் ஒரு படி அவர் போய்விட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். அதற்குமேல் நான் பேச என்ன இருக்கிறது.

பால்வாடி யாருக்காக? காலையில் கலவை தூக்கப் போகிறவளுக்காக, நூறு நாள் வேலைக்குப் போகிறவளுக்காக. அவளால்தான் நேரத்துக்கு வர முடியாது. மேஸ்திரி விட்டால்தான் வருவாள். அவளை ஒழுங்குபடுத்த எழுதும் விதி, அவள் பிள்ளையை வீட்டில் உட்கார வைத்துவிட்டால் அந்த விதியால் யாருக்கு லாபம்? தாமதம் ஆகும் என்று தெரிந்தால் ஒரு போன், இல்லாவிட்டால் யார் வந்து கூட்டிப்போவார் என்று முன்கூட்டியே ஒரு பெயர். கேட்க வேண்டியது இவ்வளவுதான். டீச்சருக்கும் வீடு இருக்கிறது, அவருக்கும் பஸ் இருக்கிறது என்று காரணத்தோடு சொன்னால் புரியாதவர்கள் யாரும் இல்லை.

காய்ச்சலும் இதே கதைதான். 'உடல்நிலை சரியில்லாத குழந்தையை அனுப்பக் கூடாது' என்று ஃபிளெக்ஸ் சொல்கிறது. சரியான விதிதான், ஒரு பிள்ளைக்கு மெட்ராஸ் ஐ வந்தால் வாரத்தில் மையமே சிவந்துவிடும். ஆனால் நடப்பது என்ன? காலையில் பாராசிட்டமால் சிரப் ஒரு மூடி கொடுத்து, நெற்றி குளிர்ந்ததும் கொண்டுவந்து விடுகிறார்கள். பதினோரு மணிக்குப் பிள்ளை கொதிக்கிறது. எத்தனை மணிக்கு எவ்வளவு மருந்து கொடுத்தார்கள் என்று டீச்சருக்குத் தெரியாது. விதியை இன்னும் கடுமையாக்கினால் இன்னும் நன்றாக மறைப்பார்கள். ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவர்கள் மறைக்கத்தான் செய்வார்கள். 'மருந்து கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டோம்' என்று எழுதினால் என்ன? அம்மைக்கும் வயிற்றுப்போக்குக்கும் மட்டும் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் "அப்படின்னா எல்லாத்துக்கும் வளைஞ்சு குடுக்கணுமா டீச்சர்?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. இல்லை. வளையவே கூடாத விஷயம் ஒன்று உண்டு, அந்த 14-ல் அது இல்லை.

எங்கள் ஆயாம்மா எந்தத் தெருவில் இருந்து வருகிறார் என்பது ஊருக்குத் தெரியும். அவர் சமைப்பதால் மூன்று வீட்டுப் பிள்ளைகள் மத்தியானச் சோறு சாப்பிடுவது இல்லை. வீட்டில் இருந்து டிபன் பாக்ஸ் வருகிறது. கேட்டால் "பிள்ளைக்குக் காரம் ஒத்துக்கலை" என்பார்கள். முட்டையை மட்டும் 'உரிக்காம குடுங்க' என்று வாங்கிக்கொள்கிறார்கள். அதாவது, ஓடு இருந்தால் அந்தக் கை படவில்லையாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு எப்படி விளங்கும்? விளங்கிவிடுகிறது, அதுதான் கொடுமை. அந்தப் பிள்ளைகள் தனி வரிசையில் உட்காரப் பழகிவிட்டன.

2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சத்துணவு சமைக்க வந்த பட்டியலினப் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் போராடினார்கள். அதிகாரி அந்தப் பெண்ணையே இடம் மாற்றினார். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அங்கே கூச்சல் போட்டுக் கேட்டதை எங்கள் ஊரில் டிபன் பாக்ஸில் வைத்து அமைதியாகச் செய்கிறார்கள். உரத்த குரலில் பேசக் கூடாது என்ற விதியை அவர்கள் மீறவே இல்லை பாருங்கள்.

ஃபிளெக்ஸ் எழுதியவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். டிபன் பாக்ஸ் வரும் ஒரு வீடு, விதி எழுதிய குழுவில் இருந்த ஒருவருடையது. குடிகாரனைப் பற்றி விதி எழுதச் சுலபம், அவனுக்காகப் பேச யாரும் இல்லை.

நான் கூட்டத்தில் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. "அது அவங்கவங்க வீட்டு விஷயம்" என்றார் ஒருவர். மையத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது வீட்டு விஷயம் ஆகாது. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள், ஆயாம்மா காரம் குறைத்துத் தருவார். இல்லாவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில், ஒரே சோறு. இதில் மட்டும் நான் தலைமை ஆசிரியையாகவே பேசினேன், மன்னிப்புக் கேட்கப் போவது இல்லை. அன்று முதல் ஒரு வீட்டுக்காரர் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பரவாயில்லை.

ஊருக்கு இதுவரை சொன்னேன். டீச்சருக்கும் ஒன்று சொல்ல வேண்டி இருந்தது, அவருக்கு அது பிடிக்கவில்லை. பெற்றோர் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதும் அதே தாளில், மையம் எப்படி நடந்துகொள்ளும் என்றும் எழுத வேண்டும் என்றேன். பிள்ளையை அடிக்க மாட்டோம், மிரட்டிச் சாப்பிட வைக்க மாட்டோம். வாரத்தில் 3 முட்டை, முழு முட்டை. மாதாமாதம் எடை என்ன என்று வாயால் சொல்வோம். குறை இருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லலாம், சொன்னதற்காகப் பிள்ளையிடம் முகம் காட்ட மாட்டோம். பொறுப்பில் இருக்கும் குழந்தையைத் துன்புறுத்துவது 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ம் பிரிவில் குற்றம், பராமரிப்பு இடத்தில் வேலை பார்ப்பவரே செய்தால் தண்டனை இன்னும் அதிகம். எங்கள் டீச்சர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

"என்னைத் திட்டினவன் அவன், நான் எதுக்கு டீச்சர் உறுதிமொழி எழுதணும்?" என்றார். நியாயமான கோபம். ஒரு பக்கத்துக்கு மட்டும் எழுதினால் அது உத்தரவு, யாரும் மதிக்க மாட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் எழுதினால் பெற்றோருக்குக் கேட்க ஒரு வழி கிடைக்கும், வழி கிடைத்தவர்கள் குடத்தை உதைப்பது குறையும் என்று சொல்லிப் பார்த்தேன். ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு வரியை மட்டும் அடித்தார். 'வேலை நேரத்தில் செல்போன் பார்க்க மாட்டோம்' என்று நான் எழுதியிருந்தேன். "டிபார்ட்மெண்ட் வேலை பூரா அதுலதான் டீச்சர் இருக்கு. நான் போனைப் பார்த்தா பிள்ளை எடை ஏத்துறேன்னு அர்த்தம்." சரி என்றேன். பெற்றோர் உள்ளே வந்து மற்றப் பிள்ளைகளைப் படம் பிடித்து வாட்ஸப்பில் போடக் கூடாது என்ற வரி இருக்கட்டும் என்றார். அதுவும் சரி. ஒரு பிள்ளை அம்மாவைத் தேடி அழுததை யாரோ எடுத்து 'பால்வாடியில் கொடுமை' என்று போட்ட கூத்து எல்லாம் இங்கே நடந்திருக்கிறது.

நகரத்தில் இருப்பவர்கள் இதெல்லாம் அரசு மையத்துப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். சென்னையில் என் மகள் பிள்ளையை விடும் காப்பகத்தில் நாலு பக்க ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மகள் படிக்கவில்லை, மாப்பிள்ளையும் படிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து இரண்டு வயதுப் பையன் ஒருவன் இன்னொரு பிள்ளையைக் கடித்துவிட்டான். உடனே பெற்றோர் குழுவில் நாலு பக்கத்தையும் புரட்டி விதி எண் போட்டுச் சண்டை, அவனை நீக்க வேண்டுமாம். இரண்டு வயதில் கடிக்காத பிள்ளை உண்டா? வார்த்தை வராத வயதில் பல்தான் வார்த்தை. நடத்தை விதி பெரியவர்களுக்கு. அந்தக் குழந்தையின் அம்மா குழுவில் எழுதிய மன்னிப்பை மகள் எனக்குக் காட்டினாள், படிக்க மனம் பொறுக்கவில்லை.

சரி, அந்த அப்பாவுக்கு வருகிறேன்.

அவன் என் மாணவன். முன்பெல்லாம் 'அவர்' என்று எழுதினேன், ஊருக்கு மரியாதை. எனக்கு அவன் ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பையன். போய்ப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு, தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து. நீ செய்தது தப்பு, டீச்சர் காலில் விழ வேண்டாம், ஆனால் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு சொன்னான், "தப்புதான் டீச்சர். ஆனா என் பிள்ளைய என்கிட்டயே குடுக்க மாட்டேன்னு தெருவே பார்க்கச் சொன்னாங்களே."

இதை நான் நியாயப்படுத்தவில்லை. குடித்துவிட்டுப் பிள்ளையை வண்டியில் ஏற்ற வந்தவனுக்கு மானம் ஒரு சாக்கு. டீச்சர் அன்று செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்த வார்த்தையில் எனக்கு ஒரு விஷயம் கிடைத்தது. அந்த விதியை அவன் முதன்முதலாகக் கேட்டதே குடித்திருந்த அந்த நிமிடத்தில்தான். பிள்ளையைச் சேர்த்த அன்று, வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக வந்து நின்றானே, அன்று சொல்லியிருக்க வேண்டும். 'அப்பாவே ஆனாலும் குடித்துவிட்டு வந்தால் அனுப்ப மாட்டோம், பட்டியலில் இருக்கும் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம்' என்று. அன்று தலையாட்டியிருப்பான். ஆட்டிய தலை பிறகு கொஞ்சமாவது தடுக்கும்.

அதனால் இப்போது சேர்க்கைப் பதிவேட்டோடு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அழைத்துப்போகக் கூடிய மூன்று பேர், போன் எண்ணோடு. அந்த மூவரைத் தவிர வேறு யார் வந்தாலும், அந்த மூவரில் ஒருவர் நிதானம் இல்லாமல் வந்தாலும், பிள்ளை மையத்திலேயே இருக்கும். தகராறு வந்தால் டீச்சர் தனியாக நிற்கப் போவது இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் மகளிர் குழு நடக்கிறது, அவர்களில் இரண்டு பேர் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் மீறினால் குழந்தைகள் உதவி எண் 1098. விதி எழுதுவது எளிது, விதியைச் சொன்னவர் பக்கத்தில் போய் நிற்க ஆள் வேண்டும். இரண்டு மாதம் முன்பு அந்த மத்தியானம் தெருவில் 30 பேர் இருந்தோம். நானும் என் வீட்டுத் திண்ணையில்தான் இருந்தேன். எழுந்து போகவில்லை. முட்டிவலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தாள் ஒரு பக்கம்தான். பேச்சுத் தமிழில், பெரிய எழுத்தில், டீச்சர் கையெழுத்தில். சுவரில் ஒட்டுவது இல்லை. சேர்க்கும் அன்று உட்கார வைத்து வாசித்துக் காட்டுவது. படிக்கத் தெரிந்தவர்களுக்கும் வாசித்தே காட்டுவது. ஏற்கனவே சேர்ந்த 22 வீட்டுக்கும் இரண்டு சனிக்கிழமையில் வாசித்தாகிவிட்டது. டிபன் பாக்ஸ் வீடுகளில் ஒன்று, தாளைக் கேட்ட மறுவாரம் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டது. ஒன்று பாயில் உட்கார வைத்திருக்கிறது. இன்னொன்று டாக்டர் சீட்டு வாங்கி வருவதாகச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. மேற்பார்வையாளர் வாய்மொழியாகச் சரி என்றிருக்கிறார், எழுத்தில் தரவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

டீச்சர் மாறுதல் மனுவைக் கிழிக்கவில்லை, பீரோவில் வைத்திருக்கிறார். 'இருக்கட்டும் டீச்சர், ஜூன் வரைக்கும் பார்க்கிறேன்' என்கிறார்.

ஃபிளெக்ஸ் இப்போது பிள்ளைகள் கை கழுவும் இடத்துக்கு மேலே நிழலுக்குக் கட்டியிருக்கிறது. எழுத்துப் பக்கம் மேலே, வெள்ளைப் பக்கம் கீழே.

என் மாணவன் ஒரு சனிக்கிழமை காலை வந்தான். புதுக் குடம் ஒன்று கொண்டுவந்து வைத்தான். டீச்சரிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. நோட்டில் அவன் மனைவி பெயர், அவன் பெயர் எழுதியாயிற்று. மூன்றாவது பெயருக்கு அவன் அம்மாவைச் சொல்வான் என்று பார்த்தோம், அவர் ஊரில் இல்லையாம். "டீச்சர் பேரை எழுதிக்கட்டுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். எழுதச் சொன்னேன். இதுவரை இரண்டு தடவை போன் வந்திருக்கிறது. இரண்டு தடவையும் போய்க் கூட்டிவந்தேன். பிள்ளை ஐந்தரை மணி வரைக்கும் எங்கள் வீட்டில் முறுக்குத் தின்றுகொண்டு டிவி பார்த்தாள்.